கோலுக்குப் பின்னாலிருந்து வந்த குரல்

ஆளில்லாமல் அந்தக் குரலை மட்டும் நான் முதலில் கேட்டது மழை விட்டிருந்த ஒரு மாலையில். பந்து உயரத்திலிருந்து எங்கள் கோல் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்துக் கனத்துப்போன தோல் பந்து. தலையால் முட்டினால் அதன் தையல் நெற்றியில் பதிந்துவிடும். முட்டுவதற்காக நான் எழும்பப்போன நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து, "உடு, நா பாத்துக்கறேன்" என்று கேட்டது. பழக்கத்தில் குனிந்துகொண்டேன். பந்து என் தலைக்கு மேலே போய், கம்பத்தை உரசி, வெளியே விழுந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படிச் சொல்கிறவன் கடலில் காணாமல் போயிருந்தான்.

அவன் எங்கள் கல்லூரி அணியின் கோல் கீப்பர். நான் அவனுக்கு முன்னால் இடது பக்கம் நின்று பந்தைத் தடுக்கிற பேக். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம் அவனுடையது. வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். எவ்வளவு ஈரமான பந்தும் அவற்றில் வழுக்கி நான் பார்த்ததில்லை. வகுப்பில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் கூசுவான். கோலில் நின்றால் வேறு ஆள். ஒரு கட்டுமரத்திலிருந்து இன்னொரு கட்டுமரத்துக்கு அலைகளின் மேல் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. கத்துவதாகவே தோன்றாது, ஆனால் மைதானத்தின் மறுகோடிவரை போகும். அந்தக் குரல் 'உடு' என்றால் நாங்கள் யோசிக்காமல் விலகுவோம்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கிடந்த சமயம். மயிலாப்பூரில் பூட்டிய வீடுகளின் வாசற்படியில் புல் முளைத்திருந்தது. தியாகராய நகர்த் தெருக்களில் பகலிலேயே நம் காலடிச் சத்தம் நமக்குக் கேட்கும். குப்பத்திலும் உறவுக்காரர்கள் பலர் வெளியூர் போய்விட்டதால், மரம் தள்ள ஆளில்லாமல், விடுமுறையில் அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். திடீரென்று காற்று திரும்பிய ஒரு காலையில் மரம் கவிழ்ந்தது. அப்பா கரை சேர்ந்தார். அவன் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அதனால் அவன் அம்மா அவனை இறந்தவனாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலில் அவனுக்காக இறந்தோர் பூசை வைக்கலாம் என்று சொல்லவந்த சாமியாரை, "எம் புள்ளைய எனக்குக் காட்டிட்டு வையுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ராத்திரிச் சோற்றில் அவன் பங்கைத் தினமும் மூடிவைத்தாள்.

கல்லூரி திறந்ததும் அவன் இடத்தில் முதல் வருஷப் பையன் ஒருவனை நிறுத்தினோம். குரல் கேட்ட அன்று ஆட்டம் முடிந்து அந்தப் பையனிடம், "நீ கத்தினியா?" என்று கேட்டேன். "இல்லைண்ணா. நீங்கதான் ஏதோ சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்றான். பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த காப்டன் நிமிரவில்லை. மற்றவர்கள் போன பிறகு என்னருகே வந்து, "நேக்கும் கேட்டுதுடா. எங்காத்துல தெரிஞ்சா ஆட்டத்தையே நிறுத்திடுவா. வெளியில சொல்லிண்டு திரியாதே" என்றான்.

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அது வந்தது. எப்போதும் எங்கள் கோலுக்கு ஆபத்தான நேரத்தில், எப்போதும் சரியாக. அது விடச் சொன்ன பந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். ஜெயித்தும் எங்களிடையே கொண்டாட்டம் இல்லை. உடை மாற்றும் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

வேடிக்கை பார்க்க ஆளில்லாத அந்த ஆட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர் அவன் அப்பா ஒருவர்தான். எங்கள் கோலுக்குப் பின்னால், துண்டைத் தோளில் போட்டபடி நிற்பார். அவருடைய குரல்தான் அது என்று காப்டன் ஒருநாள் முடிவுகட்டினான். எனக்கு அதைக் கேட்டதும் பெரிய நிம்மதி. இருவரும் அவரிடம் போனோம். "பெரியவரே, ஆட்டம் நடக்கறச்சே நீங்க குரல் கொடுக்கப்படாது" என்று காப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நா கத்தல நைனா. எனுக்கும்தான் கேக்குது. அதக் கேக்கத்தான் வந்துகினு கீறேன்."

கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு மனைவியையும் அழைத்துவந்தார். அதுவரை அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கம்பத்தை ஒட்டி நின்றாள். அன்று குரல் வரவேயில்லை. ஒவ்வொரு பந்துக்கும் என் காது பின்பக்கமே போயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் சாதாரணமான ஒரு பந்து எங்கள் பக்கம் உருண்டுவந்தது. நான் குரலுக்காக நின்றேன். பையன் எனக்காக நின்றான். பந்து எங்கள் நடுவில் புகுந்து கோலுக்குள் போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

விசில் ஊதியதும் அவள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"உனுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்றேன். அவள் கணவரும் இல்லையென்று தலையாட்டினார்.

"எனுக்குக் கேட்டுச்சு" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. "அந்தப் பந்து வந்துச்சே, அப்போ. 'போறேம்மா'ன்னான். எங்க கெளம்பினாலும் 'வரேம்மா'ன்னு சொல்ற புள்ள. இன்னிக்குப் போறேன்னுட்டான்."

அவள் மைதானத்தின் ஓரமாகவே நடந்து, கணவருக்கு முன்னால் வீட்டுக்குப் போனாள். மறு ஞாயிறு சாந்தோம் கோயிலில், சவப்பெட்டி இல்லாமல், அவனுக்குப் பூசை நடந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சாமியார் அவன் பெயரைச் சொன்னபோது அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுததைக் கேட்டேன்.

நான் அதற்குப் பிறகும் சில வருஷம் ஆடினேன். பின்னால் யாரும் கூப்பிடாததால் எல்லாப் பந்தையும் நானே முட்டினேன். காப்டன் கடைசிவரை அந்தக் குரலைக் கடற்காற்றின் வேலை என்றுதான் சொல்லிவந்தான். நானும் மறுத்துப் பேசியதில்லை. வயதான காலத்தில் இப்போது சாயங்காலங்களில் ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் நடக்கப் போகிறேன். காற்று என்னவோ அதே திசையிலிருந்துதான் அடிக்கிறது. நின்று கேட்டுப் பார்க்கிறேன். காற்றின் சத்தம் மட்டும் கேட்கிறது.