கரம்பொன் வீட்டுக் கிணறு

யாழ்ப்பாணத் தீவில் இருக்கும் எங்கள் கரம்பொனில் ஆள் இல்லை, காணி விலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். கனடாவில் இருப்பவர்களும் சுவிசில் இருப்பவர்களும் போட்டிக்கு வாங்கிப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஊரில் இருப்பவன் வாடகைக்குக் கேட்டால், "இருக்க விட்டால் பிறகு எழும்ப மாட்டினம்" என்று பதில் வரும். இந்த நியாயத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழும்பச் சொன்னால் எழும்புவாள் என்று நம்பித்தான் ரொறன்ரோவில் இருக்கும் சதீசன் தன் வீட்டில் நிரோஜினியைக் காவலுக்கு விட்டார். முன்மண்டபத்துக்குப் பூட்டு. பின்னறையும் குசினியும் அவளுக்கும் புருசன் ஜெயரூபனுக்கும் மகளுக்கும். வேலி அடைத்தவள், ஓடு மாற்றுவித்தவள், பின்னேரத்தில் விளக்கு வைத்தவள் எல்லாம் அவள்தான். ஜெயரூபன் மேசன். வெளிநாட்டுக்காரருக்கு மதில் கட்டுகிறான், அந்த மதிலுக்குள் ஒரு மூலையை வாங்க அவன் கூலி காணாது.

ரொறன்ரோவில் விலை ஏறிக்கொண்டு போன காலத்தில், இன்னும் கட்டாத மாடி வீடொன்றுக்கு சதீசன் முற்பணம் கட்டியிருந்தார். கட்டி முடிந்தபோது விலை விழுந்துவிட்டது. வங்கி விழுந்த விலைக்குத்தான் கடன் தரும் என்றது. மிச்சத்துக்கு கரம்பொன் வீட்டை விற்கத் துணிந்தார்.

தீவில் வீடு பார்க்க வருகிறவர்கள் கூரையைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் என்றால் விலை பாதி. சதீசன் வீட்டுக் கிணறு நல்ல தண்ணி. பக்கத்து வீட்டு அப்புத்துரை அண்ணை தினமும் பிளாஸ்டிக் கான் கொண்டுவந்து அள்ளுவார், நானும் அங்கேதான் அள்ளுகிறேன்.

லண்டனில் இருந்து தர்சினி என்றொரு பெண் யாழ்ப்பாணத் தரகரோடு வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வீடு விற்றுப்போனால் நிரோஜினிக்குப் போக இடம் இல்லை. வந்தவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள், அதில் முதலே உப்புக் கரைத்து வைத்திருந்தாள். தர்சினி ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"சவரோ அக்கா?" என்று நிரோஜினி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ஓம், வாயிலயே வைக்க ஏலாது. லண்டனில என்ர பிள்ளையளுக்கு ஒரு அறை வாங்கவே ஏலாது, இஞ்ச வந்து உப்புத்தண்ணிக்குக் காசு குடுக்கிறதோ" என்று சொல்லிவிட்டு அவள் வாகனத்தில் ஏறினாள்.

அன்றைக்கே சதீசன் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தார். "கிணறு சவராப் போச்சாம், உண்மையோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை." கேட்க நினைத்திருந்ததையும் கேட்டுவிட்டாள். "அப்பிடியெண்டா விலை குறையுந்தானே. எங்களுக்குத் தாங்கோ, மாதம் மாதம் கட்டுறம்."

"மாதம் மாதம் கட்டினா ஆகாது. இந்த மாதம் நான் இஞ்ச கட்டாட்டிப் போட்ட காசும் போயிடும். வாற விலைக்குக் குடுக்கப்போறன்."

வந்த விலைக்கு வாங்கியவர் அப்புத்துரை அண்ணை. தண்ணீர் எப்படி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அன்று காலையும் அள்ளிக் குடித்தவர். சுவிசில் இருக்கும் மகன் பேரில் வீட்டை எழுதுவித்தார். ஊரே குடிக்கிற கிணற்றைச் சவர் என்று சொன்னால் விலை யாருக்கு இறங்கும் என்று நிரோஜினி யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன், வீடு போகிறது என்றால் யாருக்குப் புத்தி நிற்கும்?

தரகர் பிறகு வந்து சொன்னதுதான் அவளை முறித்தது. தர்சினி வாங்கியிருந்தால் நிரோஜினியையே காவலுக்கு விட்டிருப்பாளாம், வரும் வழியிலேயே அதைப் பேசினாளாம்.

"அண்ணை, நாங்கள் வழமை போல வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறமே" என்று அவள் அப்புத்துரையிடம் கெஞ்சினாள்.

"காவல் என்னத்துக்குப் பிள்ளை? நான் பக்கத்திலதானே இருக்கிறன்."

லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றினார்கள். மண்கும்பானில் ஒருவர் கொட்டில் போட இடம் விட்டிருந்தார், அங்கே கிணறு முழுக்கச் சவர். நிரோஜினி பெட்டியில் ஏறி ஒரு பக்கமும் பார்க்காமல் இருந்தாள். அப்புத்துரை அண்ணை கிணற்றடியில் இருந்து ஒரு கான் நிரப்பிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார்.

"கொண்டுபோம் பிள்ளை," என்றார். "நல்ல தண்ணி."