வெட்டப்படாத எட்டுப் பக்கங்கள்

என் மேஜைமேல் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. பச்சைக் காலிகோத் துணி அட்டை, உள்ளே ஜப்பானிய ஜூஜிட்சு வித்தையின் புகைப்படங்கள். பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு முழுவதும் ஒரே சீராக இருக்கும், ஆரம்பத்தில் ஓர் இடத்தைத் தவிர. அங்கே நாலு தாள்கள் மட்டும் பிசிறடித்துக் கிடக்கின்றன. சவரப் பிளேடால் அவசரமாகக் கிழித்ததன் அடையாளம் அது. கிழித்தவன் நான். ஒரு நாள் முன்னதாகக் கிழித்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பழைய சீமைப் புத்தகங்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து அனுப்பிவிடுவார்கள். மடிப்பை வெட்டிப் படிப்பது வாங்கியவன் பாடு. பெங்களூர் பழைய புத்தகக் கடையில் இதை நான் வாங்கியபோது முன்னால் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை எல்லா மடிப்பையும் வெட்டியிருந்தான், தொடக்கத்தில் எட்டுப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டு. முன்னுரையாகத்தான் இருக்கும் என்று அவனும் நினைத்திருப்பான். நானும் அப்படியே நினைத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, ஓசூரில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டு, உலகத்தில் எது புதிதாக வந்தாலும் அது முதலில் என் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த காலம். முன்னுரை படிக்கிற பொறுமை எனக்கு ஏது?

அதற்குச் சில மாதம் முன்பு வாசகசாலையில் ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகை கிடைத்தது. பிரேசில் என்கிற தேசத்தில் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிகள் ஜப்பானியர் ஒருவரிடம் இந்த வித்தையைக் கற்று, அதைத் தங்கள் வழிக்கு மாற்றிக்கொண்டார்களாம். அவர்களில் ஒல்லியான ஒருவன், தன்னைப்போல் இரண்டு பங்கு இருப்பவனோடு மல்லாந்து படுத்தபடியே சண்டை போட்டு ஜெயிக்கிறானாம். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் பக்கத்துக் குஸ்தியில் முதுகு மண்ணைத் தொட்டால் கதை முடிந்தது. மல்லாந்தவன் தோற்றவன். அங்கே என்னவென்றால் மல்லாந்த பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது.

இதை நான் ஓடிப்போய்ச் சொன்னது மாமாவிடம். அக்காவின் கணவர். சூளகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், கேழ்வரகும் கொள்ளும் விளைந்தால் விளைந்ததுதான். ஆனால் கரடிமனையில், அதாவது எல்லையோர ஊர்களில் குஸ்தி பழகும் கூடத்தில், அவரைக் கீழே போட ஆள் கிடையாது. மாலூரிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் வந்தவர்கள் சிவந்த மண்ணை முதுகில் சுமந்துகொண்டு திரும்பினார்கள். பெரிய உடம்பு இல்லை. கைப்பிடிதான் அவர் சொத்து. மணிக்கட்டைப் பிடித்தாரானால், அவராக விட்டால்தான் உண்டு. பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும்.

கரடிமனையில் ஒரு மரியாதை இருந்தது. எதிராளி நல்ல பிடியாகப் போட்டுவிட்டால், பிடியில் சிக்கியவன் உள்ளங்கையால் அவன் முதுகிலோ தொடையிலோ இரண்டு தட்டுத் தட்டுவான். பிடி பிரமாதம், ஆனாலும் நான் இன்னும் விழவில்லை, நடத்து என்று அர்த்தம். குஸ்தி பழக்கும் வஸ்தாது ஓரத்திலிருந்து சபாஷ் என்பார். தோற்கும்போதும் ரசிக்கத் தெரிந்தவன்தான் பயில்வான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

புத்தகத்தை மண்மேட்டில் விரித்து வைத்துக்கொண்டு நான் படம் படமாகச் சொல்ல, மாமா செய்து பார்ப்பார். மல்லாந்து கிடந்தபடி எதிராளியின் இடுப்பைக் கால்களால் கவ்விக்கொள்வது. சட்டைக் கழுத்தைப் பிடித்து நெறிப்பது. எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்துப்போனது ஒரு கைப்பூட்டு. எதிராளியின் ஒரு கையைத் தன் இரண்டு தொடைகளுக்கு நடுவே இழுத்து, ஒரு காலை அவன் முகத்துக்குக் குறுக்கே போட்டு, பின்னால் சாய்ந்து இடுப்பை ஒரு அங்குலம் உயர்த்தினால் போதும், முழங்கை போகக்கூடாத திசைக்குப் போகும். நான்தான் அவருக்குப் பழகும் பொம்மை. ‘போதும் மாமா’ என்று நான் கத்தினால் விட்டுவிடுவார். என்னிடம் வாய் இருந்தது, அவர் கால் என் நெற்றிமேல்தான் விழும். அதனால் வேறு சைகை எதுவும் தேவைப்படவில்லை.

வஸ்தாதுக்கு இதெல்லாம் சிரிப்பு. “ஏம்பா, படுத்துக்கினே ஜெயிக்கிறதுன்னா எங்க வூட்டு எருமைதான் மொத பயில்வான்” என்பார். அக்கா அதற்கு மேல். “மண்ணுல படுத்துப் படுத்து எந்திரிக்கிறீங்க, துணிய யாரு தொவைக்கிறது? அந்த ஜப்பான்காரனா வருவான்?” அப்போது அவள் ஆறு மாதம்.

பெங்களூரில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்று குஸ்திக் கோஷ்டி சேர்க்கிறது என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஜெயிப்பவனுக்கு நிரந்தர வேலை. குவார்ட்டர்ஸ். மழையை நம்பாத சம்பளம். ஓசூர்த் தேர்த்திருவிழாவுக்கு மறுநாள் மலையடிவாரத்தில் நடக்கும் பந்தயத்தைப் பார்க்க அவர்களுடைய அதிகாரி ஒருவர் வருவதாகவும், ஒரே ஒருவனைத்தான் எடுப்பதாகவும் சொன்னார்கள். மாமா கொள்ளுக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இந்த வருசமும் பூட்டுச்சி மாப்ள” என்றார். அந்த வேலை அவருக்கு வேண்டும் என்பது எனக்குப் போதுமான அளவு புரிந்தது.

எதிராளி கோலார் தங்கவயலிலிருந்து வந்தார். சுரங்கத்தில் மரச்சட்டம் கட்டுபவர், தமிழர், கழுத்தில் மாதா சுரூபம். மலேயாவிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவரிடம் ஜூஜிட்சு கற்றவர். படத்தில் பார்த்ததை உயிரோடு பார்க்கப் போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வித்தையும் கலந்து ஆடுவதாக ஏற்பாடு. விதிகளை எழுதும் பொறுப்பை, புத்தகம் வைத்திருப்பவன் என்று என்னிடமே கொடுத்தார்கள். அரைத்தாளில் நாலு வரி டைப் அடித்தேன். குத்தக்கூடாது. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி இல்லை. கண்ணில் விரல் கூடாது. போதும் என்று வாயால் சொன்னவன் தோற்றவன்.

பந்தயத்துக்கு முன் தங்கவயல்காரர் மாதா சுரூபத்தைக் கழற்றித் தன் தம்பியிடம் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் அடித்திருந்தேன், பகட்டுக்கு. அவருக்குப் படிக்க வரவில்லை. “ஏந்தம்பி, மத்ததெல்லாம் புஸ்தகப்படிதானே?” என்று கேட்டார்.

“எல்லாம் புஸ்தகப்படிதாண்ணே” என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

நல்ல வெயில். ஓசூர் மதராசுக்கா மைசூருக்கா என்று அடித்துக்கொண்டிருந்த மூன்று பாஷைக்காரர்களும் ஒரே கயிற்றைச் சுற்றி நின்றார்கள். தொழிற்சாலை அதிகாரிக்கு மட்டும் ஒரு நாற்காலி. முதல் பத்து நிமிஷம் தங்கவயல்காரர் கை ஓங்கியிருந்தது. இரண்டு முறை மாமாவின் கழுத்தைச் சுற்றிவிட்டார், இரண்டு முறையும் மாமா வழுக்கி வெளியே வந்தார். மூன்றாம் முறை அவர் கை நீண்டபோது மாமா அதைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தார். நான் மண்மேட்டில் காட்டிய படம் அப்படியே கண்முன்னே விழுந்தது. கை தொடைகளுக்கு நடுவே. கால் முகத்துக்குக் குறுக்கே, ஆனால் நெற்றியில் அல்ல, வாய்மேல். ஜனங்கள் தமிழில் பிடி என்றும் கன்னடத்தில் ஹிடி என்றும் தெலுங்கில் பட்டு என்றும் கூவினார்கள், மூன்றும் ஒன்றுதான். தங்கவயல்காரரின் இன்னொரு கை மேலே வந்து மாமாவின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டியது. வஸ்தாது “சபாஷ்” என்றார். நானும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்தக் கை மறுபடி தட்டியது. மாமாவின் இடுப்பு உயர்ந்தது. காய்ந்த துவரை மிளார் ஒடிவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கால் விலகிய பிறகும் அவர் ‘போதும்’ என்று சொல்லவில்லை. கையைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். வலியைவிட அந்த முகத்தில் திகைப்புதான் அதிகம். அவருடைய தம்பி அழுதுகொண்டே, “தட்டினாரே, தட்டினாரே” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் என்ன சொல்கிறான் என்று எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. மாமாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அந்தப் பையனின் குரல் காதைவிட்டுப் போகாமல்தான் பிளேடை எடுத்தேன். எட்டுப் பக்கங்கள். முன்னுரை இல்லை, பழகுபவர் முதலில் அறிய வேண்டியவை. பூட்டில் சிக்கியவர் உள்ளங்கையால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு முறை தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், பிடித்தவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், இந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்த வித்தையைப் பழகவே கூடாது. அப்படி எழுதியிருந்தது. சாய்வெழுத்தில்.

புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். மாமா வேலைக்குப் போனார். அக்காவும் குழந்தையும் பின்னால் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வந்தபோது, கொல்லைப்பக்கம் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மாட்டின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“மொத ரெண்டு தட்டு சபாஷ்னுதான் நெனச்சேன் மாப்ள. அப்புறம் ரெண்டு தட்டுனாரு. அப்புறமும் ரெண்டு. எவன் மூணு வாட்டி சபாஷ் சொல்லுவான்?”

“அப்போ ஏன் மாமா விடல?”

வாளியில் இருந்த நீரையெல்லாம் ஊற்றி முடித்த பிறகு சொன்னார். “நாற்காலியில இருந்தவரு எழுந்து நின்னுட்டாரு. அதைப் பாத்துட்டேன்.”

இரண்டு தட்டும் மறுபடி இரண்டு தட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது முறை தட்டியதை நான் பார்க்கவே இல்லை. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இருவரும் புறப்பட்டோம். பங்காரப்பேட்டையில் ரயில் மாறித் தங்கவயல் போய், சுரங்கத்து லைன் வீடுகளில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தோம். கை முக்கால்வாசிதான் நீண்டது. சுரங்கத்துக்குள் இறக்குவதில்லை, மேலே வாசலில் விளக்கு கொடுத்து வாங்கும் வேலை. எங்களை உட்காரச் சொன்னார், மனைவி காப்பி கொடுத்தார். நான் புத்தகத்தை எடுத்து நீட்டி, அந்தப் பக்கம் இதில் இருந்தது, மடிப்பை நான் வெட்டவில்லை என்றேன்.

“தமிழ்ல சொல்லு தம்பி, என்னா எழுதியிருக்குன்னு” என்றார்.

வரி வரியாகப் படித்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மாமா பக்கம் திரும்பி, “இதத்தான் செஞ்சேன்” என்றார். திட்டவில்லை, குரலும் உயரவில்லை. தான் செய்தது சரிதான் என்று எங்கோ எழுதியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்போல இருந்தது அவருக்கு. மாமா அவருடைய வளைந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்திருந்தது என்பதை அவரிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் அதே வாசகசாலையில் இன்னொரு பத்திரிகை பார்த்தேன். நான் வியந்த அந்தப் பிரேசில்காரன் பெரிய மைதானத்தில் ஜப்பானியச் சாம்பியன் ஒருவனோடு மோதினானாம். கை பூட்டில் சிக்கி ஒடிந்தும் தட்ட மறுத்துவிட்டானாம். கடைசியில் அவன் அண்ணன்தான் ஆட்டத்தை நிறுத்தினானாம். தோற்றாலும் வீரன் என்று எழுதியிருந்தார்கள். அங்கே ஒருவன் தட்டாததால் கை போனது. இங்கே ஒருவன் தட்டியும் போனது. இவரைப் பற்றி யார் எழுதுவார்கள்?

அதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் இப்போது கிருஷ்ணகிரியில் குமாஸ்தா. போன மாதம் மாமாவின் தொழிற்சாலைப் பந்தயம் பார்க்க பெங்களூர் போயிருந்தேன். அவரைக் கோஷ்டியிலிருந்து எடுத்துவிட்டு வெகுகாலமாகிறது, கடைசல் யந்திரத்தில் நிற்கிறார். ஆள் குறைந்ததால் அன்றைக்கு மட்டும் இறக்கினார்கள். அவரைக் கோஷ்டியிலிருந்து ஏன் நீக்கினார்கள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எதிராளியின் மணிக்கட்டு அந்தப் பழைய பிடியில் சிக்கியிருந்தது, பையன் அசைய முடியாமல் கிடந்தான். வேர்வையில் அவனுடைய மற்றொரு கை வழுக்கி மாமாவின் தோளில் பட்டது. மாமா விட்டுவிட்டார். மறு நிமிஷம் அவன் இவரை மல்லாத்திச் சித்தாக்கிவிட்டான். பின்வரிசையில் யாரோ, “‘தொட்டா விட்டான்’ மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்டா” என்று சிரித்தார்கள். அதுதான் அங்கே அவருக்குப் பேராம்.

வெளியே வந்ததும் கேட்டேன். “மாமா, அவன் தட்டல. கை வழுக்கித்தான் பட்டுச்சு.”

“தெரியும் மாப்ள” என்றார்.

போன ஞாயிறு இங்கே வந்திருந்தார். மேஜைமேல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே எடுத்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார். பிசிறடித்த இடத்தில் விரல் நின்றது. அங்கே விரித்து, மடியில் வைத்துக்கொண்டு, படமில்லாத அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.