மூன்று எல்லை சரி

புதுக்கடையில் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் நான் வேலை செய்தபோது, பக்கத்து மேசையில் ஒருவர் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சரியாக நாலு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டு, கறுத்த திரையில் முகம் பார்த்துத் தலை வாருவார். “கதிரையில இருந்து தேய்ச்சு என்ன பிரயோசனம்? மூளையைப் பாவிச்சா நாலு மணிக்கே வீட்டை போகலாம்” என்று எங்களுக்குப் புத்தியும் சொல்லுவார்.

அவர் பாவித்த மூளை இவ்வளவுதான்: பழைய உறுதி ஒன்றைத் திறந்து, கண்ணில் பட்டதை மட்டும் மாற்றுவது.

ஒருநாள் கையெழுத்து வைக்க வந்த கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர், தன் வீட்டு உறுதியை வாசித்துவிட்டுத் திகைத்தார்.

“தம்பி, எங்கட வீட்டுக்குத் தெற்கால மாதா கோயில் மதில். இதில தென்னந்தோட்டம் எண்டு கிடக்கே!”

“மற்ற மூண்டு எல்லையும் சரிதானே அம்மா?” என்றவர் சீப்பை எடுத்தார். மணி நாலு.

வழக்கம்போல நான்தான் இருந்து திருத்தினேன். முடிக்க ஆறரை ஆகிவிட்டது.

அடுத்தநாள் எல்லோர் முன்னாலும் நொத்தாரிசு என்னைக் கேட்டார்: “அவர் நாலு மணிக்கே முடிச்சிட்டுப் போறார். நீர் ஆறரை வரைக்கும் இருந்து என்ன செய்யிறனீர்?”

பக்கத்து மேசைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தில் துளியும் நடிப்பு இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.