போதைச் சோதனையில் மாட்டிய என்னை மாதா கைவிடவில்லை

நான் பீடி கூடத் தொட்டதில்லங்க. அப்படிப்பட்ட என் மூத்திரத்துல அபின் வகை போதை இருக்குன்னு சொன்னாக. போன தவக்காலத்துல நடந்தது.

ஊர் அனுமந்தன்பட்டி. வேலை விமான நிலையத்துல. ஆளுக ஏறி உக்காந்ததும் விமானத்தப் பின்னால தள்ளிவிடுற வண்டிய ஓட்டுறவன் நான். கை கொஞ்சம் பிசகுனாலும் ஆபத்து. அதனால எங்களுக்கும் சட்டம் கடுமை. வேலையில ஏறும்போது ஊதிக் காட்டணும். திடுதிப்புன்னு கூப்பிட்டு மூத்திரமும் எடுப்பாக. ஏதாவது தெரிஞ்சா அங்கனயே வேலைய நிறுத்தி, நிலையத்துக்குள்ள போற பாஸை வாங்கிருவாக. சாம்பிள் பெரிய லேப்புக்குப் போகும். அங்கயும் உறுதியாச்சுன்னா மறுவாழ்வு மையம்தான்.

என் மூத்திரத்துல தெரிஞ்ச அன்னைக்கு, "மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?"ன்னு கேட்டாரு சோதனை எடுத்த அதிகாரி. சத்தியமா இல்லன்னேன். என் ஊரு பேரப் பாத்தாரு. "கம்பம் பக்கமா? அப்பச் சரிதான்" அப்படின்னாரு. கஞ்சா வழக்குன்னா எங்க பக்கந்தான அவுகளுக்கு ஞாபகம் வரும். அங்கன பொறந்தது என் குத்தமா? பாஸைக் கழட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

பொண்டாட்டி ஜெயராணியக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்தேன். எங்கப்பா, "ஏலே, என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு"ன்னாரு. பண்ணுனேன். அப்பயும் அவரு மொகம் தெளியல. வெக்கத்துல ஞாயித்துக்கிழமைப் பூசைக்குப் போறதையே நிறுத்திட்டாரு. அதுதான் என்னைக் கொன்னுபோட்டுச்சு.

சோறு எறங்கல. டீயில எவனாவது கலந்துட்டானோ? எனக்கே தெரியாம எதையாவது தின்னுட்டேனோ? கடைசியில என்னையே நான் நம்பல. செத்துப்போனா நல்லாருக்கும்னு கூட நெனச்சேன். வேலை போனாலும் பரவாயில்ல, போதைக்காரன்ங்கிற பேரோட எப்படி இந்த ஊர்ல நடக்குறது?

ஒரு மத்தியானம் மாதா படத்துக்கு முன்னால விழுந்துட்டேன். ஜெபமெல்லாம் வாயில வரல. "ஆத்தா, நான் என்ன செஞ்சேன்னு எனக்கே வெளங்கல. நீயாச்சும் சொல்லு"ன்னு கத்தி அழுதேன்.

ஜெயராணி டம்ளரோட வந்தா. "சோறும் வேணாங்கிறீக. இந்தக் கசகசாப் பாலையாச்சும் குடிங்க, நல்லாத் தூக்கம் வரும்"ன்னா.

தூக்கம் வரும்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா பகல்ல எனக்குத் தூக்கம் பிடிக்காது. அவ ஒரு கை கசகசாவ நைசா அரைச்சுப் பால்ல காய்ச்சித் தருவா. நெதமும் குடிப்பேன். அத மருந்துன்னு யாரு நெனச்சா?

மறுநாளே கம்பெனி டாக்டர்கிட்ட ஓடுனேன். "இத ஏய்யா அன்னைக்கே சொல்லல?"ன்னாரு. "அது சாப்பாடு தான சார்"ன்னேன். அபின் எடுக்குற செடியோட வெதைதான் கசகசா, அதுல அபின் பால் ஒட்டியிருக்கும்னு அவரு சொன்னதும், கூட நின்ன ஜெயராணி, "அய்யோ, என் கையாலயே ஊத்திக் குடுத்தேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. லேப்புல இருந்து வந்த முடிவையும் வச்சுப் பாத்து விசாரிச்சு, இது கசகசாவால வந்ததுதான்னாரு. பால நிறுத்திட்டு மறுபடி சோதிச்சாக. ஒண்ணுமில்ல. பாஸைத் திருப்பிக் குடுத்துட்டாக. அந்த அதிகாரி மட்டும் என் மூஞ்சிய நிமிந்து பாக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை எங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, "கெளம்புலே, மணி அடிச்சிருச்சு"ன்னாரு. பூசை முடியிற வரைக்கும் என் கைய விடல. ரெண்டு பேரும் அழுதோம்.

சகோதர சகோதரிகளே, அழகா ஜெபிக்கத் தெரியலையேன்னு இருந்துறாதீங்க. எனக்குக் கத்தத்தான் தெரிஞ்சது, அதையும் மாதா கேட்டாக. நீங்களும் வாய்விட்டுக் கேளுங்க. இப்ப எங்க அடுப்படியில கசகசா கெடையாது. பகல்ல தூக்கம் வராட்டி ஜெபமாலை சொல்றேன். பாதியிலயே தூங்கிர்றேன். மிச்சத்த மாதா பாத்துக்கிருவாக.