மஞ்சள் கோட்டுக்கு இடது பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி:

1. மாலை நான்கு மணிக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், வெள்ள ஒத்திகை தொடங்கியது.
2. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, "முன்னால் உள்ள ஓடையில் வெள்ளம் வருகிறது, அனைவரும் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும்" என்று மைக்கில் அறிவிக்கப்பட்டது.
3. வலம் வந்துகொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள்.
4. மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.
5. ஓடையை நோக்கி நடந்தார்கள்.
6. நாலரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், தீயணைப்பு வீரர்கள் இருவர், ஒரு நாய்.

நாய் அங்கேயே வசிப்பது. அதைப் பட்டியலில் சேர்த்திருக்கக் கூடாது.

அப்போது நான் வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில், பேரிடர் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. படித்தது சிவில் இன்ஜினியரிங். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று அந்தப் பாதையை ஒரு தரைப்பாலத்தில் கடக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அதில் ஆடு மேயும். முந்தைய மழைக்காலத்தில், ஒரு பௌர்ணமியன்று, அது பத்து நிமிடத்தில் பொங்கி, பாலத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு தாயையும் மகளையும் இழுத்தது. இருவரும் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தார்கள். கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தலாம் என்றால், பின்னால் வருகிறவர்கள் முன்னால் நிற்பவர்களைத் தள்ளுவார்கள். எங்காவது அனுப்பியாக வேண்டும். அடுத்த மழைக்குள் அதற்கு ஒரு வழி செய்வது என் வேலை. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது.

ஒத்திகைக்கு மைக் பிடித்தவர் மைக்செட் அக்கா. பாலத்துக்குச் சற்று முன்னால், பாதையின் இடது ஓரம் அவர் கடை. கணவர் லாரி ஓட்டுகிறார். ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, நாற்காலி வாடகை எல்லாம் அக்காவின் பொறுப்பு. மைக்கை எடுத்தால் முதலில் இரண்டு முறை இருமுவார். அந்த இருமல் கேட்டால் ஊரில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். என்மேல் பிரியமாக இருந்தால் "பொண்ணே" என்பார், கேலி செய்ய வேண்டுமென்றால் "மேடம்."

அன்று மேடம்தான். நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் படித்து முடித்தார். கூட்டம் ஓடையைப் பார்த்து நடப்பதை வேடிக்கை பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நான் தனியாக நடந்து வந்ததும், மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மேடம், சாமி கும்புட வந்தவங்கள இடமா சுத்தச் சொல்றீங்களே. வேண்டுதலோட வந்தவன் எவன் திரும்புவான்?"

எனக்குக் காது சுட்டது. கிரிவலம் என்றால் மலை வலப்பக்கம் இருக்க நடப்பது. திரும்பினால் மலை இடப்பக்கம் வந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. நானும் திருவண்ணாமலைக்காரிதான், ஒவ்வொரு செமஸ்டருக்கும் முன்னால் சுற்றியிருக்கிறேன், ஒருமுறைகூடத் திரும்பி நடந்ததில்லை. ஆனால் மேசையில் வரைபடத்தை விரித்து, பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் முந்நூறு மீட்டர் என்று அளந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. முந்நூறு மீட்டர் என்ற கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். கடை வாசலில் உட்கார்ந்து, ஒத்திகை தோற்றுப்போன காரணங்களை வரிசையாக எழுத ஆரம்பித்தேன். அப்போது வெறுங்காலோடு நடந்து வந்த ஒருவர் பாதையை விட்டு இறங்கி, பக்கத்துக் கடையில் டீ குடித்தார். பிறகு நேராகப் போகாமல், இறங்கிய இடத்துக்கே வந்து, சந்தேகத்துக்கு ஓரடி பின்னால் நின்று, மறுபடி நடக்கத் தொடங்கினார். அடுத்து வந்த இரண்டு பெண்களும் அப்படியே செய்தார்கள். எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஏன் அப்படி என்று அக்காவிடம் கேட்டேன்.

"விட்ட எடத்துலேர்ந்து புடிச்சாத்தான கணக்கு? நடுவுல நீ டீ குடி, தூங்கு, சாமி ஒண்ணும் கேக்காது."

திரும்பத்தான் கூடாது, ஒதுங்கலாம். அக்கா கடையை ஒட்டி இடது பக்கம் ஒரு சந்து போகிறது. அதன் முடிவில் ஒரு கல்யாண மண்டபம், பாதையைவிட ஆளுயரம் மேட்டில். என் வரைபடத்தில் அந்தச் சந்து இல்லை என்பதால் மண்டபத்தை முதல் வாரமே பட்டியலிலிருந்து அடித்திருந்தேன். மறுநாள் டேப்போடு வந்து அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி அக்கா, இந்த வழியாகத்தான் தன் கல்யாண ஊர்வலம் போனது, யானை வந்திருந்தால் யானையும் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சந்து திரும்பும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே மஞ்சள் கோடு ஒன்று போட்டோம். அக்காவுக்குக் காவியும் வெள்ளையும் வேண்டும். சாலையில் அப்படிப் போட முடியாது என்று நான் அரைமணி நேரம் வாதாடி ஜெயித்தேன். அறிவிப்பில் அவர் ஜெயித்தார். நான் புதிதாக எழுதிக் கொடுத்த இருபது சொற்களில் அவர் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசிப் பௌர்ணமி. பகல் மூன்று மணிக்கே மலை உச்சி தெரியவில்லை. ஐந்து மணிக்கு ஓடை பாலத்தின்மேல் ஏறியது. கோட்டுக்குப் பின்னால் பாதை முழுக்கத் தலைகள். பாலத்துக்கு முன்னால் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து நான் நின்றேன். இரண்டு இருமல் கேட்டது.

"கும்புட வந்தவங்க எல்லாம் கேளுங்க. பாலத்துல தண்ணி போவுது. யாரும் திரும்பவேணாம். கோட்டாண்ட நின்னு ஒரு கும்புடு போட்டுட்டு இடது பக்கம் ஒதுங்குங்க. தண்ணி வடிஞ்சதும் இதே கோட்டுலேர்ந்து நடக்கலாம். உங்க சுத்து எங்கயும் போவாது."

முதல் வரிசையில் ஒரு பெரியவர் கோட்டைக் குனிந்து பார்த்தார். கும்பிட்டார். இடது பக்கம் ஒதுங்கினார். அதன்பின் எனக்கு வேலையே இருக்கவில்லை.

ஏழு மணி சுமாருக்குத் தண்ணீர் வடிந்தது. மண்டபத்திலிருந்து வந்தவர்கள் கோட்டைத் தேடி, ஒவ்வொருவராக அதன்மேல் காலை வைத்துத் தொடங்கினார்கள். கூட்டத்தில் ஒருவர், எட்டு வைக்கும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் விழுந்துவிட்டது என்று திரும்ப வந்து மிதித்துவிட்டுப் போனார். அக்கா என்னைப் பார்த்தார். "எழுதிக்கோ பொண்ணே. ஒருத்தர் ஓரடி திரும்புனாரு."

எழுதிக்கொண்டேன்.

இப்போது எனக்குக் கடலோர மாவட்டம் ஒன்றில் வேலை. இங்கே ஒத்திகைக்கு முன், மக்கள் எந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள் என்று விசாரிப்பதுதான் என் பட்டியலில் முதல் வரி. ஒவ்வொரு பௌர்ணமிக்கு மறுநாளும் அக்காவிடமிருந்து குரல் பதிவு வரும், முதலில் இரண்டு இருமல். போன மாதம் வந்ததில் ஒரு புகார்: யாரோ கோட்டுக்குக் குங்குமம் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள், கற்பூரம் ஏற்றினால் பெயிண்ட் போய்விடும் என்று தினமும் மைக்கில் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

இன்றைய நிலை: கோடு இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை அக்கா புதுப்பிக்கிறார். ஓடை அதன்பின் இரண்டு முறை பொங்கியது. இரண்டு முறையும் பாலத்தில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் திட்டத்தில் இல்லை. நாய் அங்கேதான் இருக்கிறது.