அதிகாரிக்காக விட்ட இடம்

அப்போது விருதுநகரிலிருந்து சிவகாசி அச்சாபீஸ்களுக்கு வேலைக்குப் போகிற நாங்கள், காலை ரயிலில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போவோம். கூடுதலாக ஒரு பெட்டி வேண்டும் என்று மனுப் போட்டிருந்தோம். கூட்டத்தை நேரில் பார்த்து, அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்கலாமா என்று எழுத ஓர் அதிகாரி வந்தார்.

வெளியூர்க்காரரை நெருக்கி உட்காருவது எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதைக் குறைச்சல். அச்சு மிஷின் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் பிளாட்பாரத்திலேயே அதட்டினார்: “ஏலே, நம்மள நம்பி வந்த மனுசன் நசுங்கணுமா? பாதிப் பேரு பஸ்ஸுல போங்கலே!” பாதிப் பேர் உடனே கிளம்பிவிட்டார்கள். அதிகாரி காலை நீட்டிக்கொண்டு, நாங்கள் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தபடி சௌகரியமாக வந்தார்.

சிவகாசியில் இறங்கியதும், “இடம் தாராளமா இருக்கே, இன்னொரு பெட்டி எதுக்கு?” என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. “ஐயா, அது உங்களுக்காக விட்ட இடம். ஒருநாள் சொல்லாம வந்து பாருங்க, எம்புட்டுக் கூட்டம்னு தெரியும்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெட்டி வரவில்லை. கூட்டத்தைக் காட்டவேண்டிய நாளில் மரியாதையைக் காட்டிவிட்டோமே என்று வெகுநாள் நினைத்திருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினார்: “விருந்தாளி போயாச்சுலே, ஏறித் தொங்குங்க!”