தலைக்கு ஊத்தாத தண்ணி

இன்னைக்குக் காலையில் ஊரில் அம்மா செத்துப்போனாள். மும்பை ஏர்போர்ட்டில் முகம் கழுவப் போனேன். கையை நீட்டியதும் குழாயில் தண்ணீர் தானாக வந்தது. அந்தச் சத்தத்தில் தாராவிப் பொதுக்குழாய் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னப் பிள்ளை. விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஈரத் தகரமும் துணி துவைக்கும் சவக்காரமும் மணக்கும். குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும்.

ஒருநாள் அப்பாவுக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது. தாத்தா தவறிவிட்டார். அப்பா ஸ்டேஷனுக்கு ஓடவில்லை. ஊருக்கு ரயிலில் ரெண்டு ராத்திரி ஆகும்.

"நான் போய் இறங்குறதுக்குள்ள சாம்பலயே கரைச்சிருப்பாவ" என்றார். துண்டைக் கட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்தார்.

சண்டை நின்றது. பெண்கள் குடங்களை நகர்த்தினார்கள். எங்கள் சந்தில் சாவுத் தந்தி வந்தவருக்குத்தான், தீட்டுக் கழிய, முதல் தண்ணீர்.

"ஊத்துங்க அண்ணாச்சி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பா தலைக்கு ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஏர்போர்ட்டில் என் போன் அடித்தது. ஊரிலிருந்து தம்பி.

"எக்கா, மத்தியானமே எடுத்துரலாமாங்காவ."

"மதுரைக்கு பிளேன் ரெண்டு மணி நேரம். அங்கேருந்து காருல மூணு. பொழுது சாயுமுன்ன வந்துருவேன். நான் வராம ஒருத்தரும் தூக்கக் கூடாது."

"சரிக்கா. தலைக்கு ஊத்திட்டியா?"

"இல்லலே. அம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன்."

குழாயிலிருந்து கையை எடுத்தேன். தண்ணீர் நின்றது.